ஆமாவுக்கு விட்ட இடம்

முதல் தடவை சத்தத்தை அடைத்துவிட்டுப் பார்ப்பார். இரண்டாம் தடவை சத்தத்தைத் திறந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். மூன்றாம் தடவைதான் உங்களையும் என்னையும் போலக் கண்ணும் காதுமாகப் பார்ப்பது. வரப்போகிற வீடியோ கேம் எதுவானாலும் அதன் டிரெய்லர் இந்த மூன்று சோதனையையும் தாண்டித்தான் அவரிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும். முக்கால்வாசி முதல் சோதனையிலேயே ஊற்றிக்கொள்ளும். "மியூசிக்க எடுத்துட்டுப் பாருங்கண்ணே. ஒருத்தன் மழையில நடந்து போறான், அவ்வளவுதான் விஷயம். பின்னாடி நூறு பேர் வயலின் வாசிச்சா நான் பால் பாக்கெட் வாங்கப் போறதுகூடப் பிரமாதமாத்தான் இருக்கும்" என்பார்.

எனக்கு வீடியோ கேம் என்றால் மருந்துக்கும் தெரியாது. போனில் ஒரு ஆட்டத்தை இறக்கிச் சில நாள் ஆடிப் பார்த்துவிட்டு, அது என்னைவிடப் புத்திசாலி என்று தெரிந்ததும் அழித்துவிட்டேன். அப்படிப்பட்ட என்னை மாடிப்படியில் மடக்கி நிறுத்தி, அடுத்த வருஷம் வரப்போகும் ஆட்டங்களைப் பற்றி அவர் கருத்துச் சொல்வார். காய்கறிப் பை என் விரலை அறுத்துக்கொண்டிருக்கும். அதையெல்லாம் கண்டுகொள்ள மாட்டார். எதிரில் ஒரு தலை ஆடினால் அவருக்குப் போதும்.

அவர் என் பக்கத்து வீட்டுக்காரர். அவர் அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு சுவர் உண்டு. பெயருக்குத்தான் சுவர், அவர் தும்மினால் நான் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். நாற்பதைத் தாண்டிவிட்டார். தனியாள். கட்டடத்தில் எல்லாரும் அவரைப் 'பல்செட்டு' என்பார்கள். அதுதான் தொழில். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவதை வைத்துப் பல்லும் ஈறுமாகச் செய்து திருப்பி அனுப்புகிற லேபில் வேலை.

ஒரு நாள் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு வாங்காமலே வேலைக்குப் போய்விட்டார். கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று அந்த லேபுக்குப் போனேன். அலமாரி நிறைய வெள்ளை மாவில் வார்த்த வாய்கள். ஒன்றுகூட மூடியிருக்கவில்லை. இவர் விளக்கில் சிவப்பு மெழுகை உருக்கிச் சின்னக் கரண்டியால் யாருக்கோ ஈறு கட்டிக்கொண்டிருந்தார். காதில் கேம் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் சேர்த்து மாட்டித் திறந்து மூடிப் பார்க்கிற கருவியைக் கையில் எடுத்தார். டக் டக்கென்று அதை ஆட்டி, ஒரு பெரிய கேம் கம்பெனியின் தலைவர் மேடையில் பேசியதை அந்தப் பல்லை விட்டே பேசிக் காட்டினார்.

"எங்கள் ஊழியர்கள்தான் எங்கள் குடும்பம்" என்றது பல்.

"குடும்பத்துல பாதிப் பேர போன வாரம்தான் வீட்டுக்கு அனுப்பினான்" என்றார் இவர். "இன்னும் பாதி வேலை பாக்கி இருக்கு அந்த கேம்ல. அதுக்குள்ள தேதி அறிவிச்சாச்சு. யாரு முடிப்பா? இவனா?"

பக்கத்து மேஜைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எத்தனை தடவை பார்த்தாரோ.

அந்தப் பல் யாருக்கு என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும்? நான் ஒரு வாயக்கூட நேர்ல பாத்ததில்லைண்ணே. அச்சு வரும், பல்லு வைப்பேன், போயிடும். யாரு கடிச்சுச் சாப்பிடுறாங்க, யாரு சிரிக்கிறாங்க, ஒண்ணும் தெரியாது. சரியில்லைன்னா மட்டும் திரும்பி வரும். வரலைன்னா நல்லா இருக்காங்கன்னு நானா நினைச்சுக்குவேன்" என்றார். சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் அதை லேபிலேயே விட்டுவிட்டு வந்து என் வீட்டில் உட்கார்ந்திருந்தது வேறு கதை.

மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பொருந்தி உட்காருவதை அவர்கள் தொழிலில் 'கடி' என்கிறார்கள். கேமைப் பற்றிப் பேசும்போதும் அவர் வாயில் அதே சொல்தான் வரும். "படம் ஜோர், கதை ஜோர், கடி உக்காரலை" என்றால் அந்த ஆட்டத்தின் கதை முடிந்தது. பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் இருப்பவன் குதிப்பதற்கும் நடுவே கண் சிமிட்டும் நேரம் தாமதம் இருந்தாலும் கடி உட்காரவில்லை. ஊரைப் பெரிதாகக் கட்டிவிட்டு உள்ளே போக ஒரு வீடு வைக்காவிட்டாலும் கடி உட்காரவில்லை. "முன்னூறு மைல் ரோடு போட்டிருக்கானாம். போற வழியில ஒரு கதவத் தட்டினா தொறக்க மாட்டேங்குது. எதுக்கு ரோடு?"

அவருடைய கருத்துகள் பெரும்பாலும் இப்படித்தான், சிடுசிடுவென்று இருக்கும். வெளியாகும் முன்பே பணம் கட்டி வாங்குகிறவர்களைக் கண்டால் ஆகாது. வெளியீடு தள்ளிப்போகிறது என்று கம்பெனி அறிவித்தால் ஊரே திட்டும்; இவர் மட்டும் சந்தோஷப்படுவார். வேகாததை இலையில் போடாமல் இன்னும் கொஞ்சம் வேக விடுகிறான், நல்லவன் என்பார். பழைய ஆட்டத்துக்குப் புது வண்ணம் அடித்துத் திரும்ப விற்பதை 'வாய மாத்தாம பல்ல மட்டும் மாத்துறது' என்பார். மாதச் சந்தா கட்டினால் நூற்றுக்கணக்கான ஆட்டம் கிடைக்கும் என்ற ஏற்பாடு அவருக்குப் பிடிக்காது. "எதுவும் நம்மளது இல்லைண்ணே. அடுத்த மாசம் அவன் எடுத்துட்டா, பாதி ஆட்டத்துல நம்மள எழுப்பி வெளியில அனுப்பின மாதிரி." கதாபாத்திரங்களுக்கு இனி மனிதர்கள் குரல் கொடுக்க வேண்டாம், கம்ப்யூட்டரே பேசும் என்ற செய்தி வந்தபோது மட்டும் அவர் கோபப்படவில்லை. "அது நல்லாத்தான் பேசுது. கேட்டேன். மூச்சு எடுக்க மாட்டேங்குது" என்றுவிட்டுப் படியேறிப் போனார்.

புது கேம் எது வந்தாலும் அவர் முதலில் பார்ப்பது விலையையோ படத்தையோ இல்லை. எத்தனை பேர் ஆடலாம் என்று ஓர் ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், அதைத்தான். ஒரே அறையில், ஒரே திரையில் இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டங்கள் அருகிக்கொண்டே வருகின்றனவாம். அவரவர் வீட்டில் அவரவர் திரை முன்னால் உட்கார்ந்து, நெட் வழியாக முகம் தெரியாத ஆயிரம் பேரோடு ஆடுவதுதான் இப்போது வழக்கம். "ஆயிரம் பேரு இருக்காங்க, முழங்கை இடிக்க ஒருத்தன் இல்லை. ஆட்டம்னா பக்கத்துல இருக்கறவன் ஏமாத்தணும்ணே. நாம அவன் கையத் தட்டி விடணும். கம்பெனிக்காரனுக்கு அது புரியாது. ஒரு கேமை ரெண்டு பேரு பங்கு போட்டுக்கிட்டா அவனுக்கு ஒண்ணுதானே விக்கும்" என்பார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் குரல் உயரும். எனக்குச் சுவர் வழியாகவே கேட்கும்.

சுவர் வழியாகக் கேட்டதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து கட்டடமே கண்ணயர்ந்திருக்கும் நேரத்தில் அவர் பேச ஆரம்பிப்பார். யாரோடோ போனில் சண்டை போடுகிறார் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். "இதுல என்ன புதுசா இருக்கு, சொல்லு" என்பார். கொஞ்சம் இடைவெளி. பிறகு, "அதெல்லாம் சரி, ஆனா அதையே எத்தனை தடவை பார்க்கிறது?" மறுபடி இடைவெளி. "ம்ம். ஒத்துக்கிறேன். அந்த ஒரு இடம் மட்டும் ஒத்துக்கிறேன்." நடுநடுவே சிரிப்பும் வரும். எதிராளி நல்ல வாயாடி போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு நான் புரண்டு படுப்பேன்.

அவருடைய அக்காவும் அப்படியே ஏமாந்தவர்தான். வேறு ஊரில் இருக்கிறார். ஞாயிறு மத்தியானம் தம்பி போனை எடுக்கவில்லை என்றால் எனக்குக் கூப்பிடுவார். "சார், அவன் வீட்ல இருக்கானா?" "இருக்காரும்மா, பேச்சுக் குரல் கேக்குது." "பேச்சா? யார்கிட்ட சார்?" அக்காவின் குரல் சட்டென்று இறங்கிவிடும். "யாராச்சும்... பொண்ணா சார்?" கேமைப் பற்றி ஏதோ பேசுகிறார் என்று சொன்னேன். "அப்படியா. நான் வேற என்னமோ நினைச்சுட்டேன். சரி, வச்சிடுறேன்" என்றார். ஒரு கல்யாணப் பேச்சே முறிந்துவிட்டது போல இருந்தது அந்த 'வச்சிடுறேன்'.

கடைசியில் அவரே சொன்னார். இணையத்தில் ஒரு சேனல் நடத்துகிறார், ஞாயிறுதோறும் நேரலையாக. பெயர் 'ஆமா–இல்லை'. கல்லூரிக் காலத்திலிருந்து கூடவே இருந்த ஒரு கூட்டாளியும் இவருமாக ஆரம்பித்தது. வாரம் ஒரு கேமை எடுத்துக்கொள்வார்கள், இன்னும் வெளிவராததாக. வாங்கலாமா என்பதற்குக் கூட்டாளி எப்போதும் 'ஆமா' கட்சி. இவர் எப்போதும் 'இல்லை' கட்சி. ஒருவரை ஒருவர் 'மாப்ள' போட்டுக்கொண்டு சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைக்காகவே கொஞ்சம் பேர் பார்த்தார்கள். பிறகு கூட்டாளிக்குக் கல்யாணம் ஆயிற்று, வேலை மாறிற்று, குழந்தை பிறந்தது, ஊரும் மாறிற்று. போகும்போது, "எனக்கு இனிமே உக்கார நேரமே இருக்காது மாப்ள. நீ விடாம நடத்து. நான் பாத்துக்கிட்டேதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

இவர் விடாமல் நடத்தினார். ஆனால் 'இல்லை' மட்டும் தனியாக நின்று என்ன பேச முடியும்? அதனால் ஆமாக்காரன் பேச வேண்டிய இடங்களை அப்படியே விட்டுவைத்தார். அவன் என்ன சொல்லுவான் என்று இவருக்குத் தெரியும். அதைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் எடுப்பான் என்பதும் தெரியும். அந்த நேரத்துக்கு வாயை மூடிக்கொண்டு காத்திருந்து, பிறகு பதில் சொன்னார். பார்க்க வந்தவர்களுக்கு இது விளங்கவில்லை. பாதி டெலிபோன் பேச்சைக் கேட்பது போலிருக்கிறது என்று எழுதிவிட்டு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

"எல்லாரும் போயிட்டாங்கன்னு சொல்ல முடியாது" என்றார். அன்று தன் அறைக்குள் கூட்டிப்போய் எனக்கு அந்தத் திரையைக் காட்டினார். ஓரத்தில் ஒரு கண்ணின் படம், அதன் பக்கத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண். "மத்தவங்க வருவாங்க, போவாங்க. ஒருத்தர் மட்டும் நான் ஆரம்பிச்ச உடனே வந்துடுவாரு. நான் முடிக்கிறவரைக்கும் அசைய மாட்டாரு. ரெண்டு வருஷமா ஒரு வாரம் தவறினதில்லை. ஒரு வார்த்தை எழுதினதும் இல்லை."

"யாரு?"

"வேற யாரு?" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

கூட்டாளியிடமே கேட்டுவிடலாமே என்றேன். மைக்கின் மேல் மாட்டியிருந்த பழைய காலுறையை இழுத்துச் சரிசெய்துகொண்டே பதில் சொன்னார். "கேட்டா, 'ஒண்ணு விடாம பாக்குறேன் மாப்ள, பின்றே'ம்பான். பாக்கலைன்னாலும் அதத்தான் சொல்லுவான். ரொம்ப நல்லவன்ணே. அதான் கேக்கல." நான் அவ்வப்போது முணுமுணுப்போடு சகித்துக்கொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைச் சத்தத்தின் மேல் அன்றைக்கு எனக்கு முதல் தடவையாக மரியாதை வந்தது. ஒரே ஒரு ஆளுக்காக ஒரு மனிதர் வாரம் முழுக்கத் தயார்செய்து பேசுகிறார். மேடையில் ஆயிரம் பேர் முன்னால் பேசுகிறவர்களில் எத்தனை பேர் அவ்வளவு தயார்செய்கிறார்கள்?

இப்படியே போயிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன். அவர் ஹாலில் ஒரு பிளக் பாயின்ட் கருகிற்று.

எலக்ட்ரீசியன் எப்போது வருவேன் என்றாரோ அப்போது வராமல், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சரியாக ஷோ ஆரம்பித்த பிறகு வந்து மணி அடித்தார். இவர் ஓடி வந்து என் கதவைத் தட்டினார். "அண்ணே, கொஞ்சம் கூட இருந்து பாத்துக்குங்க. நான் பாதியில விட்டுட்டு வந்திருக்கேன். ஆளு காத்துக்கிட்டு இருப்பாரு." சொன்ன வேகத்தில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

எலக்ட்ரீசியன் பேச்சுக்காரர். முதலில் நெட் பெட்டி சமையலறைப் பாயின்ட்டில்தான் மாட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டார். உள்ளே ஷோ அறுந்துவிடக் கூடாதே. பிறகு சுவரோரம் மண்டியிட்டு மூக்கை உறிஞ்சினார். "சார், இந்தப் பாயின்ட் ஏன் கருகிச்சு தெரியுமா? இது ராப்பகலா ஓடுது." அவர் கை காட்டிய இடத்தில் ஸ்டாண்டின் மேல் ஒரு டிவி இருந்தது. தூசி படாமல் இருக்க அதன் மேல் படுக்கை விரிப்பு ஒன்று போர்த்தியிருந்தது. விரிப்பைத் தூக்கினார். மங்கலான வெளிச்சத்தில், சத்தமே இல்லாமல், திரையில் என் பக்கத்து வீட்டுக்காரர் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"அட, நம்ம சார்!" என்றார் எலக்ட்ரீசியன். "டிவியில எல்லாம் வராரா?" சொல்லிக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினார்.

அறைக்குள் பேச்சு நின்றது. ஆமாவுக்கு விடுகிற இடைவெளி என்று நினைத்தேன். அது நீண்டுகொண்டே போயிற்று. பிறகு கதவு திறந்தது. "போயிட்டான்ணே" என்றார் என்னிடம். பதறவில்லை, ஏதோ குழப்பத்தோடுதான் சொன்னார். "ரெண்டு வருஷத்துல பாதியில போனதே இல்ல." அப்போதுதான் எலக்ட்ரீசியன் கையிலிருந்த பிளக்கையும், விலகிக் கிடந்த விரிப்பையும் பார்த்தார்.

அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். வெளியே படம் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள, ஆரம்ப நாளில் கூட்டாளிதான் அந்த டிவியில் சேனலைப் போட்டு, சத்தத்தை அடைத்து, வெளிச்சத்தைக் குறைத்து வைத்தாராம். அதற்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. இவர் ஆடுவதும் பேசுவதும் அறைக்குள்ளிருக்கும் திரையில்தான். ஹால் டிவி அந்தச் சேனலிலேயே நின்றுகொண்டு, இவர் எப்போது ஆரம்பித்தாலும் தானும் ஓட ஆரம்பித்து, முடிக்கும்வரை ஓடியிருக்கிறது.

"அத திருப்பிப் போடுங்க" என்றார் எலக்ட்ரீசியனிடம். திரையோரத்து எண்ணைப் பார்க்க அறைக்குள் போனார். எலக்ட்ரீசியன் வேறொரு பாயின்ட்டில் பிளக்கைச் சொருகினார். டிவி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஆளில்லாத நாற்காலியைக் காட்டிற்று. "எடுங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. எடுத்தார். "போடுங்க." போட்டார். "எடுங்க."

"சார், எடுக்கவா போடவா, ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க. லைன் போயிடும்" என்றார் எலக்ட்ரீசியன்.

"எடுத்தே வைங்க."

உள்ளே அவர் மறுபடி உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்றைய கேமைப் பற்றிப் பாக்கியிருந்ததை நான்கு வரியில் முடித்தார். "ஆக, என்னோட முடிவு, இல்லை. வாங்க வேணாம். பொறுமையா கேட்டதுக்கு ரொம்ப நன்றி, வணக்கம்" என்று முறைப்படி விடைபெற்றார். அந்த வணக்கத்தைக் கேட்க நானும் எலக்ட்ரீசியனும்தான் இருந்தோம். "நல்லாப் பேசுறாரு" என்று அவர் என்னிடம் கிசுகிசுத்தார்.

அடுத்த ஞாயிறு சுவருக்கு அப்பால் சத்தமில்லை. குக்கர் மட்டும் ஒருமுறை கத்திற்று. தூங்க இதைவிட நல்ல மத்தியானம் கிடைக்காது. நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். மாடிப்படியில் அவரைப் பார்த்தபோது நானே மடக்கி நிறுத்தினேன். படகில் போகிற கேம் ஒன்று வரப்போகிறது என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தீர்களே, அது என்ன ஆயிற்று என்று கேட்டேன். "தேதி சொல்லிட்டான்" என்றார். கடி உட்காருமா என்றேன். "உக்காந்தா என்ன, உக்காரலைன்னா என்னண்ணே" என்றுவிட்டு, என் கையிலிருந்த பையை வாங்கிக் கதவுவரை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அவர் என் பையைக் கவனித்தது அன்றுதான் முதல் தடவை. எனக்கு அது நல்லதாகப் படவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு மறுபடி குரல் கேட்டது. படகு கேம்தான். ஆனால் பேச்சில் எங்கேயும் இடம் விடவில்லை. செய்தி வாசிப்பது போல ஒரே மூச்சில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேர் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆடலாம், ஒருவன் துடுப்புப் போட வேண்டும், ஒருவன் தண்ணீரை இறைத்துக் கொட்ட வேண்டும் என்று சொன்னார். எத்தனையோ நாளாக எந்தக் கம்பெனிக்காரனாவது செய்ய மாட்டானா என்று ஏங்கிக்கொண்டிருந்தாரோ, அந்த ஆட்டம். அதைச் சொல்லும்போதுகூட அவர் குரல் உயரவில்லை. எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. போனை எடுத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, 'ஆமா–இல்லை' என்று தட்டித் தேடினேன். கிடைத்தது. தொட்டேன்.

போனில் வருவது சுவர் வழியாக வருவதைவிடக் கால் நிமிஷம் பின்தங்கியிருந்தது. சத்தத்தை அடைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தேன். ஓரத்தில் அந்தக் கண் படம்; பக்கத்தில் ஒன்று என்று இருந்தது. அந்த ஒன்று நான்தான் என்று விளங்க எனக்குச் சற்று நேரமாயிற்று.

சுவருக்கு அப்பால் பேச்சு ஒரு வார்த்தையின் நடுவிலேயே நின்றது. போனில் அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அப்பால் நாற்காலி நகர்ந்தது. வெறுங்கால்கள் ஹாலுக்குப் போயின. துணியை உருவும் சத்தம் கேட்டது. பிளக் தரையில் கிடப்பதைப் பார்த்திருப்பார். அதை எடுத்து மறுபடி கீழே வைத்த சத்தமும் கேட்டது. கால்கள் திரும்பி வந்தன. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

திரையின் அடியில் எழுதுவதற்கு ஒரு கட்டம் இருந்தது. 'ஆமா' என்று போடலாம் என்று விரல் போயிற்று. போட்டால், அவன் வந்துவிட்டான் என்று நினைத்துவிடுவார். இன்னொரு பொய்யை அவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. விரலை எடுத்துக்கொண்டேன்.

அதற்குள் பின்தங்கிய போன் படமும் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. படத்தில் அவர் பேச்சை நிறுத்தி ஓரத்தைப் பார்த்தார். எழுந்து போனார். ஆளில்லாத நாற்காலி கொஞ்ச நேரம் மெல்லச் சுழன்று நின்றது. திரும்பி வந்தார். உட்காரவில்லை. நின்றபடியே குனிந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிட்டே வந்தார், இன்னும் கிட்டே வந்தார், சட்டையின் கீழ் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டார். என் போன் முழுக்கச் சட்டைத் துணியாகிவிட்டது. கேமராவின் கண்ணாடியை வட்டவட்டமாக, வாயால் ஊதி ஊதி, அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.